பக்கம் 212

விஷு வருஷம், ஐப்பசி ஒன்பது.
ரங்கூன் மொகல் தெரு, எங்கள் கிட்டங்கி.
"யூதர் எஸ்ரா, கடிகாரக் கடை.
பற்று ரூபாய் நானூறு.
பிணை வெள்ளி விளக்கு ஒன்று,
குழி எட்டு, மேலே தனிக்குழி ஒன்று."
எதிரே வரவுப் பக்கம் வெறுமை.
மார்கழியில் ஊர்மேல் குண்டு விழுந்தது.
பேரேடும் விளக்கும் ஐயாவின் தோளில்
அரக்கான் மலை நடந்து பள்ளத்தூர் வந்தன.
கடிகாரக்காரர் எந்த வழி போனார்
என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்தக் கார்த்திகையில் அவர் பேத்தி வந்தாள்.
மோசெல். கல்கத்தாவில் பிறந்தவள்,
லண்டனில் பல் டாக்டர்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஐயா எழுதிய ரசீது.
யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு வீட்டில்
அந்தத் தமிழ் எண்பது வருஷம்
கசங்காமல் இருந்திருக்கிறது.

சாமி வீட்டுக்கு அழைத்துப் போனேன், பெருமையாக.
ஒன்பது குழிக்கும் ஒன்பது பொட்டு.
அவள் முகம் ஷட்டர் போல இறங்கியது.
"விக்கிரகத்துக்கு முன்னாலா?"
எனக்குச் சுருக்கென்றது.
"குப்பையிலா போட்டோம்?
கும்பிட்டுத்தானே வைத்திருந்தோம்."
"அதுதான்," என்றாள்.

பிறகு காபி.
முறுக்கு எந்த எண்ணெய் என்று விசாரித்தாள்,
கடலெண்ணெய் என்றதும் இரண்டு எடுத்தாள்.
திருச்சி ஹாஸ்டலில் என் பெயர்
சிகப்பி இல்லை, 'வட்டி' என்றேன்.
ஏன் சொன்னேனோ.
அவள் பள்ளிக்கூடத்து வராந்தாவில்
நாணயம் உருட்டிவிட்டு
யூதப்பெண் குனிகிறாளா என்று பார்ப்பார்களாம்.
"குனிந்தாயா?"
"ஒரு தடவை. பஸ்ஸுக்குக் காசில்லை."
சிரித்தோம். சிரித்து முடித்ததும்
யாரும் எதுவும் பேசவில்லை.

அவள் பேரேட்டைப் புரட்டினாள்.
பர்மாக்காரர்களின் நெல்வயல்களை
ஐயா எழுதி வாங்கிய பக்கங்கள்
வரிசையாக வந்தன.
நான் மொழிபெயர்க்கவில்லை.

"நானூறு. அதோடு எவ்வளவு சேர்க்கணும்?"
அந்த வார்த்தையை அவளும் சொல்லவில்லை, நானும்.
விளக்கில் பதினோரு புள்ளிக்குப் பங்கு,
என் ஒருத்தி கையில் இல்லை என்றேன்.
வாட்ஸாப்பில் கேட்டேன்.
எட்டுப் பேர் கொடுத்துவிடு என்றார்கள்.
இரண்டு பேர் எடை எவ்வளவு என்றார்கள்.
சிங்கப்பூர் சாத்தப்பன் பார்த்துவிட்டான்,
பதில் இல்லை.

ஓட்டுச்சரிவில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.
அவள் வேதத்தில் ஒரு விதி இருக்கிறதாம்:
ஏழையின் போர்வையை அடகு வாங்கினால்
பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு,
வேறு எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான்?
எங்களைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை.
ஆனாலும் எண்பது வருஷச் சாயங்காலங்களை
என் மனசு பெருக்கிப் பார்த்தது.
வட்டிக் கணக்கு ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள்.
இருக்கட்டுமே.

விற்க முடியாது, கொடுக்க முடியாது.
இரவல் தரலாம்.
அதற்கு எந்தப் புள்ளியின் சம்மதமும் வேண்டாம்.

குங்குமத்தைக் கழுவினேன்.
வெள்ளி துலக்க எங்களுக்கு விபூதிதான்,
கை பழக்கத்தில் சம்புடத்துக்குப் போனது.
நின்றது.
திரும்பிப் பற்பசையை எடுத்தேன்.
பல் டாக்டர் அன்று முதல் தடவையாக
வாய்விட்டுச் சிரித்தாள்.
மஞ்சள் பையில் விளக்கை வைத்துக்கொண்டு
லாட்ஜுக்கு ஆட்டோ ஏறினாள்.

விடியுமுன் கொண்டுவந்தாள்.
இரண்டு குழியிலும் தனிக்குழியிலும்
உறைந்த மெழுகு.
மற்ற ஆறும் துலக்கியபடியே.
"ஏன் இரண்டு மட்டும்?"
"நேற்று இரண்டாம் நாள்.
மொத்தம் எட்டு நாள்.
அந்தத் தனிச்சுடர் கணக்கில் வராது,
மற்றதை ஏற்றுவதுதான் அதன் வேலை."

மெழுகைச் சுரண்ட நகத்தை வைத்தேன், எடுத்துவிட்டேன்.
குங்குமச் சிமிழ் எதிரே திறந்துதான் இருந்தது.
"இன்றைக்கு ராத்திரியும் வேணுமா?"

அவள் பதில் சொல்லாமல்
பல்லவன் டிக்கெட்டை நாளைக்கு மாற்ற
போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
காத்திருப்போர் பட்டியலில்
நாற்பத்தொன்று.